சென்னை வானத்தில் கோள்வடிவ நெபுலாக்கள்: இரட்டைப் பட்டை ஃபில்டருடன் நீண்டகால அனுபவம்

சென்னைப் புறநகரில் உள்ள மொட்டை மாடியிலிருந்து சில ஆண்டுகளாகக் கோள்வடிவ நெபுலாக்களை, அதாவது முதிர்ந்த விண்மீன்கள் வெளியேற்றிய ஒளிரும் வாயுக் கூடுகளை, படமெடுத்து வருகிறேன். 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி, வானின் சுழற்சிக்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும், கணினியால் இயங்கும் ஈக்குவட்டோரியல் மவுண்ட் (தாங்கி), சோனி ஐஎம்எக்ஸ்533 சென்சார் உள்ள குளிரூட்டும் வண்ணக் கேமரா, தலா 7 நானோமீட்டர் அகலமுள்ள இரு நிறப் பட்டைகளை மட்டும் உள்ளே விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர் ஆகியவையே என் கருவிகள். இவற்றுள் படத்தின் தரத்தை அதிகம் உயர்த்தியது, எல்லாவற்றிலும் விலை குறைந்த அந்த ஃபில்டர்தான்.

அதற்கான காரணம் நெபுலாவின் ஒளியிலேயே இருக்கிறது. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ விண்மீன் மண்டலத்தில் உள்ள என்ஜிசி 6543 என்ற கோள்வடிவ நெபுலாவை நிறமாலைமானியால் ஆராய்ந்தபோது, விண்மீன்களில் காணப்படும் தொடர் நிறமாலைக்குப் பதிலாகச் சில பிரகாசமான கோடுகளைக் கண்டார். அவற்றுள் முதன்மையான பச்சைக் கோடு, மிக மெல்லிய வாயுவில் இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் வெளியிடும் ஒளி என்பதை 1927-ல் ஐரா போவென் விளக்கினார். ஃபில்டர் இந்தக் கோட்டையும் 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா கோட்டையும் உள்ளே விட்டு, நகர விளக்குகளின் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. எல்லா நிறங்களிலும் ஒளிரும் விண்மீன் திரள்களுக்கு இந்த வழி உதவாது.

நான் திரும்பத் திரும்ப எடுப்பது, 1764-ல் சார்லஸ் மெஸ்ஸியே கண்டறிந்த டம்பெல் நெபுலாவை, அதாவது எம் 27-ஐ. அறியப்பட்ட முதல் கோள்வடிவ நெபுலாவும் அதுவே. சுமார் 8 கலைநிமிட (ஒரு டிகிரியில் 60 கலைநிமிடங்கள், ஒரு கலைநிமிடத்தில் 60 கலைவிநாடிகள்) அகலம் உள்ள அது, பிக்சலுக்கு ஏறத்தாழ ஒரு கலைவிநாடி என்ற என் அளவுகோலில் நிறைவான உருவமாக அமைகிறது. ஃபில்டர் இல்லாமல் நடுவே குறுகிய அதன் உட்பகுதி மட்டுமே நன்கு தெரியும். ஃபில்டருடன் 300 விநாடி எக்ஸ்போஷர்களைச் சேர்க்கும்போது இருபுறமும் ஆக்சிஜன் பகுதி நிரம்பி, உருவம் முழுமை பெறுகிறது. பல இரவுகளின் படங்களை ஒன்றாக ஸ்டாக் செய்த பிறகு, அதற்கு வெளியே உள்ள மங்கலான வாயு வளையமும் தோன்றத் தொடங்கியது. அதைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஆயினும் சமிக்ஞைத் தரம் இரு மடங்காவதற்கு நான்கு மடங்கு நேரம் தேவைப்படுவதால், இதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

நிலவுள்ள இரவுகளிலும் இத்தகைய ஃபில்டரைப் பயன்படுத்தலாம் என்பார்கள். ஹைட்ரஜனைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. ஆனால் ஆக்சிஜன் கோட்டின் பகுதியில் நிலவொளி வலுவாக இருப்பதால் மங்கலான பகுதிகள் அமிழ்ந்துவிடுகின்றன. கோள்வடிவ நெபுலாவிலோ ஆக்சிஜன்தான் பாதிக் கதை. ஆகவே நிலவற்ற இரவுகளையே இதற்கு ஒதுக்குகிறேன். சிரில் என்ற படச் செயலாக்க மென்பொருளில் இரு கோடுகளையும் தனித்தனியே பிரித்தெடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

ஃபில்டரில் குறைகளும் உண்டு. விண்மீன்களின் இயல்பான நிறம் போய்விடுவதால், ஃபில்டரைக் கழற்றி 30 விநாடிப் படங்களைத் தனியே எடுத்துச் சேர்க்கிறேன். பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி மங்கலான வட்டமும் விழுகிறது. அது நெபுலாவின் மேல் படாதவரை பொருட்படுத்த வேண்டியதில்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கல்களையும் சொல்ல வேண்டும். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருப்பதால், பக்கத்துக் கட்டடங்கள் அதை மறைத்துவிடுகின்றன. துருவ நட்சத்திரத்தைப் பார்க்காமலேயே வானின் வேறு பகுதிகளைப் படமெடுத்து மவுண்டின் அச்சைச் சரிசெய்ய உதவும் மென்பொருள் இங்கு இன்றியமையாதது. கடலோர ஈரப்பதத்தால் இரண்டாம் கண்ணாடியில் பனி படிகிறது. அதற்கு வெப்பப் பட்டை தேவை. கேமரா சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரை குளிரும் என்றாலும், மே மாத இரவுகளையும் கருதி ஆண்டு முழுவதும் சென்சாரை 0 டிகிரியிலேயே வைக்கிறேன். சென்சாரின் இரைச்சலை நீக்குவதற்காக ஒளி படாமல் எடுக்கும் டார்க் படங்களை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்பது இதில் கிடைக்கும் வசதி. எம் 27 நள்ளிரவில் உச்சிக்கு வரும் ஜூலையில் மேகம் சூழ்ந்திருப்பதால், ஏப்ரல், மே மாதப் பின்னிரவுகளே இங்கு உகந்தவை.

இக்கருவிகள் எல்லாக் கோள்வடிவ நெபுலாக்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். லைரா மண்டலத்தின் வளைய நெபுலாவான எம் 57, என் படங்களில் நீளவாக்கில் 80 பிக்சலைச் சற்றே தாண்டுகிறது. ஜெமினியில் உள்ள என்ஜிசி 2392 அதைவிடச் சிறியது. அத்தகைய பிரகாசமான சிறு நெபுலாக்களை விரும்புவோர் 2000 மி.மீ. அளவிலான குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் சில விநாடி எக்ஸ்போஷர்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, அவற்றுள் கூர்மையானவற்றை மட்டும் சேர்ப்பதே நல்லது.