மின்மலைச் சைக்கிளின் பின்சக்கரம்: 29 அங்குலமா, 27.5 அங்குலமா?

எடை குறைந்த மின்மலைச் சைக்கிள் (மோட்டார் உதவியோடு ஓடும் மலைச் சைக்கிள்) வாங்கியவர்களை அதிகம் குழப்புவது பின்சக்கரம்தான். முன்னால் 29 என்பதில் சண்டையில்லை.

செலவு: 29 அப்படியே இருந்தால் செலவே இல்லை. 27.5-க்கு ரிம், ஸ்போக், டயர் எல்லாம் புதிது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மட்டும் மிஞ்சும்.

ஏற்றம்: வேர், கல் மீது 29 தடுக்காமல் உருளும். ஆனால் 50 நியூட்டன் மீட்டர் அளவே முறுக்குவிசை தரும் சிறு மோட்டாருக்குச் சின்னச் சக்கரம் கியரைச் சற்று இலகுவாக்கித் தருகிறது.

வளைவு: இங்கே 27.5 ஜெயிக்கிறது, சந்தேகமே வேண்டாம். செங்குத்து இறக்கத்தில் பின்னால் சாயும்போது டயர் உங்கள் பின்புறத்தில் எளிதில் உரசாது. குள்ளமானவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

பலரும் மறப்பது ஃபிரேமின் கோணம். ரிம் விட்டம் 622 மி.மீ.யிலிருந்து 584-க்கு இறங்குவதால் பின் அச்சு 19 மி.மீ. தாழும். ஹேண்டிலைத் தாங்கும் குழாய் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னோக்கிச் சாயும், பெடலும் தாழ்ந்து கல்லில் இடிக்கும். ஃபிரேமில் ஃபிளிப் சிப் (திருப்பிப் பொருத்தி ஃபிரேமின் கோணத்தை மாற்றும் சிறு துண்டு) இருந்தால் சரிசெய்யலாம்; இல்லையென்றால் நான் தொடமாட்டேன். மோட்டார் அமைப்பில் சக்கரச் சுற்றளவையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வேகத்தைக் கூடுதலாகக் கணக்கிட்டு, வேக வரம்பை எட்டுமுன்பே மோட்டார் உதவியை நிறுத்திவிடும்.

நீண்ட தூரம், உயரமான உடல்வாகு என்றால் 29. நெருக்கமான வளைவுகளும் இறக்கமும்தான் உங்கள் விளையாட்டு என்றால் 27.5.