லூமன் பிஎன்பி: வன்னியில் வைத்து வேலை வாங்கலாமா?

வாங்கலாம். லூமன் பிஎன்பி என்பது சேர்க்கிட் போட்டில் (மின்சுற்றுப் பலகையில்) சின்னச் சின்ன மின்னணுப் பாகங்களை எடுத்து வைக்கும் மெசின். வேகத்தை நம்பி மட்டும் இதை வாங்காதீர்கள். பெரிய தொழிற்சாலை மெசின்கள் மணிக்குப் பல்லாயிரம் பாகங்களை வைத்துத் தள்ளும். இது மேசை மேல் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து, கீழ்க் கமராவுக்குக் காட்டி, கோணலைச் சரிசெய்து, அப்புறம்தான் போட்டில் வைக்கும். கிணற்று மோட்டர் தண்ணீரில்லாமல் ஓடி எரியாதபடி காக்கிற சின்னச் சேர்க்கிட்டுகளைச் செய்யும் எங்கள் கிளிநொச்சிப் பட்டறைக்கு அது தாராளம். 0603 என்ற அளவு றெசிஸ்டர் 1.6 மில்லிமீற்றர் நீளம், 0402 அளவு வெறும் 1 மில்லிமீற்றர். அதைச் சாமணத்தால் பிடித்துப் பகல் முழுக்க வைத்தவர்களுக்குத் தெரியும் கழுத்தும் கண்ணும் படுகிற பாடு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வரைபடங்கள் எல்லாம் திறந்தே கிடப்பதுதான். சட்டம் அலுமினியம், பல துண்டுகள் 3டி பிரிண்டரில் அடித்தவை, கணினியில் ஓடும் ஓபன்பிஎன்பி மென்பொருளும் இலவசம். ஒரு பிளாஸ்டிக் பிடி உடைந்ததற்காக எந்த எஞ்சினியரும் ஏ9 வீதியால் இவ்வளவு தூரம் வரப்போவதில்லை, ஆனால் அந்தத் துண்டின் கோப்பை இறக்கி இங்கேயே அடித்து மாட்டிவிடலாம் என்றால் அதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும்? அறிவியல் நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் கையில் இப்படி ஒன்று கிடைத்தால், கழற்றிப் பூட்டியே எவ்வளவோ படிப்பார்கள்.

தொடக்கத்தில் பொறுமை வேண்டும். கமரா, நாசில் (பாகத்தை உறிஞ்சி எடுக்கும் முனை), போட்டின் மூலைக் குறிகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும் வரை அளவு திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், இதில் அவசரப்பட்டால் ஒவ்வொரு பாகமும் மயிரிழை விலகித்தான் உட்காரும்.

இங்குள்ள பெரிய எதிரி புழுதி. சோளகம் வீசத் தொடங்கினால் யன்னலைச் சாத்தி, மெசினை மூடியே வையுங்கள். நாசில் துளை அடைத்தால் பாகம் பாதி வழியில் விழும். கரண்ட் போனால் மெசின் தான் நிற்கும் இடத்தை மறந்துவிடும், திரும்பவும் தொடக்கப் புள்ளிக்கு அனுப்ப வேண்டும், ஆகவே சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம். பாகங்களைப் போட்டோடு பற்றவைக்கும் பசையான சோல்டர் பேஸ்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், எடுத்த உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோர்த்துவிடும். எங்கள் வெக்கையில் தடவிய பேஸ்ட் கெதியாகக் காய்கிறது, எனவே காலையிலேயே தடவி, பாகங்களை வைத்து, பேஸ்டை உருக்கும் அடுப்பில் ஏற்றிவிடுவது நல்லது.

பாகங்கள் நாடாவில் வரிசையாக வரும், அந்த நாடாவை நகர்த்தி மெசினுக்குக் கொடுப்பவைதான் பீடர்கள். அவற்றை ஒரேயடியாக வாங்கிக் குவிக்க வேண்டாம். அதிகம் செலவாகும் றெசிஸ்டர், கப்பாசிட்டருக்கு மட்டும் முதலில் எடுங்கள். மிச்சத்தை நாடாத் துண்டாக வெட்டி மேடையில் ஒட்டி, இடத்தை மென்பொருளில் சொல்லிவிட்டால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.