மண்ணுக்கும் தாருக்கும் ஒரே சைக்கிள்: எந்த டயர், எத்தனை பல்?

கார் வைத்திருப்பவருக்கு இந்தக் குழப்பம் இல்லை. மலை சைக்கிளைப் பின்னால் மாட்டிக்கொண்டு போய் மண்பாதை வாசலில் இறக்கிவிடலாம். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிளைத்தான் ஏற்ற விடுவார்கள். ஆக, ஈசூனில் என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து செஸ்ட்நட் பூங்காவின் மண்பாதைக்கு நான் மிதித்துத்தான் போக வேண்டும். போக 10 கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. நடுவில் கிடைக்கும் மண்பாதையோ சுமார் 8 கிலோமீட்டர். போன வருடம் பழைய சைக்கிளை விற்றுவிட்டுப் புதிதாகக் கட்டியபோது இந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தேன்.

முதலில் டயர். வழவழ டயர் தார்ச்சாலையில் பறக்கும், ஈரக் களிமண்ணில் படுக்க வைக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. உண்மையான போட்டி 2.2 அங்குல முரட்டு டயருக்கும் 40 மில்லிமீட்டர் கிராவல் டயருக்கும்தான். முன்னதில் ரப்பர் கட்டைகள் துருத்தி நிற்கும். பின்னதில் நடுப்பகுதி ஏறக்குறைய வழவழப்பு, ஓரத்தில் மட்டும் கட்டைகள்.

நான் கிராவல் டயர் கட்சி. முரட்டு டயர் மண்ணில் தேய்வதைவிடத் தாரில்தான் வேகமாகத் தேய்கிறது. அதுவும் பின்சக்கரத்தின் நடுவரிசைக் கட்டைகள் முதலில் போகும். எதற்காகக் காசு கொடுத்தோமோ அந்தப் பிடிப்பை மண்பாதைக்குப் போகும் வழியிலேயே செலவழித்துவிடுகிறோம்! பழைய சைக்கிளில் இப்படி ஒரு பின் டயரை ஐந்தே மாதத்தில் மொட்டையாக்கினேன். கிராவல் டயரில் தார் தொடுவது நடுப்பகுதியை, வளைவில் மண் தொடுவது ஓரத்தை. பழைய ரயில் தடமான ரயில் காரிடாரின் சரளைக்கும் பூங்கா இணைப்புப் பாதைக்கும் அது தாராளம். காற்றழுத்தம், என் 70 கிலோ எடைக்குச் சாலையில் 40 பிஎஸ்ஐ, மண்ணில் 30.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். புலாவ் உபின் தீவில் கெத்தாம் மலை சைக்கிள் பூங்காவின் கறுப்பு வைரக் குறியிட்ட கடினமான தடங்களில் நான் இறங்கியதில்லை. இரவல் மலை சைக்கிளில் இரண்டு முறை சுற்றியது சுலபமான தடத்தில்தான். அங்கேதான் உங்கள் ஞாயிறு கழியும் என்றால் முரட்டு டயரே வாங்குங்கள்.

அடுத்து கியர். முன்னால் 46, 30 என்று இரட்டைப் பல் சக்கரம், பின்னால் 11 முதல் 34 வரை. அல்லது முன்னால் 40 பல் ஒன்று மட்டும், பின்னால் 11 முதல் 42 வரை. ஏற்றத்துக்கான கியரில் பெரிய வித்தியாசமில்லை: ஒரு மிதிச் சுற்றுக்குப் பின்சக்கரம் 30/34 என்றால் 0.88 சுற்று, 40/42 என்றால் 0.95. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒற்றையில் உச்சம் மணிக்கு 43 கிலோமீட்டர், இரட்டையில் ஏறக்குறைய 50. பூங்கா இணைப்புப் பாதையின் வேக வரம்போ 25. அந்த 50 யாருக்கு?

ஆனாலும் நான் ஒற்றைக்குப் போனது இந்தக் கணக்கால் அல்ல, கழுவும் வேலையால்தான். செஸ்ட்நட் களிமண் மழைக்குப் பிறகு மாவு மாதிரி ஒட்டும். செயினைப் பல் மாற்றிவிடும் முன் டீரெய்லருக்கும் இரண்டு பல் சக்கரங்களுக்கும் நடுவில் அப்பிக் காய்ந்துவிட்டால் பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுக் குடைய வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே செய்வது? தாழ்வாரத்தில் செய்தால் பக்கத்து வீட்டார் முறைப்பார்கள். குளியலறையில் செய்தால் என்ன நடக்கும் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஒற்றையில் டீரெய்லர் பின்னால் மட்டும்தான், அதற்கு ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும். நவம்பர், டிசம்பர் மழையில் ஒவ்வொரு வாரமும் இதே கதை என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஒற்றையில் குறை இல்லாமல் இல்லை. 24 பல்லிலிருந்து 28, அப்புறம் 32, 37 என்று தாவுவதால் எதிர்க்காற்றில் சரியான கியர் சிக்காது. பெரிய கேசட்டின், அதாவது பின் பல் சக்கர அடுக்கின், விலையும் கூடுதல். அதனால் செயினை அளந்து பார்த்து, 0.5 சதவீதம் நீண்டதுமே மாற்றிவிடுகிறேன். கேசட் பிழைக்கிறது.

டியூப் இல்லாத டயருக்கு இன்னொரு தொல்லை, நம் வெக்கையில் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் காய்ந்துபோவது. எனக்கு இரண்டரை மாதம் தாங்குகிறது. அடுத்த முறை முன்சக்கரத்துக்கு மட்டும் 45 மில்லிமீட்டர் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சட்டகத்தில் இடம் இருக்கிறதா என்று இன்னும் அளக்கவில்லை.