எரியாத மோட்டாரும் முறிந்த ஸ்பிரிங்கும்: ஒரு பழுதுநீக்கும் சேவை குறித்து

எங்கள் சரக்குக் கிடங்கின் மேலேறும் கதவு தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றுவிடும். அதன்பின் மோட்டார் சூடாறும்வரை பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. முதலில் வந்து பார்த்தவர், மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சென்றார். எனக்கு ஐயம் தீராததால் வேறொரு சேவையை அழைத்தேன். இது அவர்களைப் பற்றிய மதிப்பீடு.

வந்த மெக்கானிக் மோட்டாரின் மூடியைத் தொடவே இல்லை. கைச்சங்கிலியால் கதவை முழுவதும் தரையில் இறக்கி, அது எழும்பாதபடி தண்டவாளத்தில் கவ்வியை இறுக்கினார். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மின்சாரம் வரவில்லை என்று மீட்டரால் உறுதிசெய்த பிறகே ஏணியில் ஏறினார். மேலே தண்டில் கோத்திருந்த இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று முறிந்து, இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தது. கதவின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். மோட்டாருக்கு அதை நகர்த்துவது மட்டுமே வேலை. பாதிச் சுமை தன்மேல் விழுந்ததால் மோட்டார் சூடேற, உள்ளிருக்கும் வெப்பச் சுவிட்ச் அதை நிறுத்திக் காப்பாற்றியிருக்கிறது.

முறியாததையும் மாற்றச் சொன்னபோது வீண்செலவு என்றே நினைத்தேன். ஆனால் வழக்கமான ஸ்பிரிங்கின் ஆயுள் ஏறத்தாழ 10,000 முறை திறந்து மூடுவது. நாளொன்றுக்கு 30 முறை இயங்கும் கதவில் அது ஓராண்டுகூட வராது, இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை வேறு. முறியாத ஸ்பிரிங்கின் முறுக்கைத் தளர்த்த, அதன் முனையிலுள்ள துளைக்குப் பொருந்தும் எஃகுக் கம்பிகளையே பயன்படுத்தினார். ஸ்க்ரூடிரைவரைச் செருகி அது நழுவினால் கை முறியும். பயிற்சியில்லாதவர் தொடக்கூடாத வேலை இது.

புதிய ஸ்பிரிங்குகளை மாட்டிய பிறகு, மோட்டாரின் இணைப்பை விடுவித்து, கதவைக் கையால் இடுப்பளவு உயர்த்தினார். அது அங்கேயே நின்றது; எடையை ஸ்பிரிங்குகள் சரியாகத் தாங்குகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். குறுக்கே ஆள் வந்தால் கதவை நிறுத்தும் ஒளிக்கண்ணை யாரோ ஒரு துண்டு ஒயரால் செயலிழக்கச் செய்திருந்ததையும் கண்டுபிடித்து, அந்த ஒயரை நீக்கி, கண்ணாடியைத் துடைத்து நேராக்கி, அட்டைப்பெட்டியை வைத்துச் சோதித்துக் காட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன நேரத்துக்கு நான்கு மணி நேரம் தாமதமாக, தகவல்கூடத் தராமல் வந்தார்கள். ரசீதில் ‘ஸ்பிரிங் 2’ என்று மட்டுமே இருந்தது. அடுத்த முறைக்குத் தேவைப்படும் கம்பிப் பருமனையும் நீளத்தையும் நான் கேட்ட பிறகே எழுதித் தந்தார்கள்.