டிஆர்6 பின்பக்கம்: காசு கொடுத்தவற்றில் எது தேறியது?

என்னிடம் இருப்பது 1972 டிரையம்ப் டிஆர்6 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர். அது பிறந்த கோவெண்ட்ரியிலேயே ஓட்டுகிறேன். வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் திடுக்கென்று ஒரு வெட்டு வெட்டும். கிளட்சை விட்டால் அடியில் 'டொக்'. இந்த இரண்டுக்காகவும் போன குளிர்காலம் முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன்.

முதலில் அந்த 'டொக்'. எஞ்சின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அதைச் சேசிஸோடு பிடிப்பவை நான்கு இரும்பு முளைகள். முன்பக்க வலது முளை விரிசல் விடுவது இந்த வண்டிகளின் பரம்பரை நோய். டார்ச் அடித்தேன், முளையின் அடியைச் சுற்றித் துருநிறத்தில் மயிரிழைக் கோடு. டிஃபரன்ஷியலை இறக்கி, தகடு வைத்து வெல்டிங் செய்தோம். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

அப்புறம் சிவி ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சீராகச் சுழலும் மூட்டு) வைத்த ஆக்சில் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. பழைய ஷாஃப்டில் நீளம் மாறுவது ஸ்ப்லைன் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் நீளவாட்டுப் பற்கள்) சறுக்குவதால்தான். எஞ்சின் இழுக்கும்போது ஸ்ப்லைன் இறுகிக்கொள்ளும், காலை எடுத்ததும் விடுபடும். வெட்டு அங்கிருந்துதான் வருகிறது. புதியதை மாட்டிய பிறகு அது அடியோடு போய்விட்டது. செலவழித்ததில் உருப்படியான காசு இதுதான். ஆனால் சக்கரம் மாட்டும் ஹப்பைக் கழற்றும்போது கவனம்: அதைப் பிடிக்கும் ஆறு ஸ்டட்களும் (மறையிட்ட கம்பிகள்) சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய ஆர்மில் இருக்கின்றன. எனக்கு இரண்டு ஸ்டட் மறையைச் சுருட்டிக்கொண்டே வெளியே வந்தன. கெட்ட மறைக்குப் பதிலாக ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

டிஃபரன்ஷியலுக்குள் குவைஃப் நிறுவனத்தின் ஏடிபி போட்டேன்; ஒரு சக்கரம் வழுக்கினால் சக்தியை மற்றதற்குத் திருப்பும் அமைப்பு. உள்ளே கிளட்ச் தட்டு கிடையாது, எல்லாம் பற்சக்கரம்தான். தேய்மானக் கவலை குறைவு. ஈரமான ரவுண்டானாவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழல்வதில்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மட்டும் சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரிதான். ரேஸ் ஓட்டாதவர்களுக்கு இது ஆடம்பரம், சொல்லிவிடுகிறேன்.

ஏமாந்தது டெலஸ்கோபிக் (குழாய் வடிவ) ஷாக் அப்சார்பர் செட்டில். ஒரு பிராக்கெட்டின் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. விற்றவரிடம் கேட்டேன், "ராவிக்கொள்ளுங்கள்" என்றார். ராவினேன். மிக மென்மையான அளவில் வைத்தும் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் ஏறியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வண்டியோடு வந்த பழைய லீவர் ஆர்ம் (நெம்புகோல் வகை) ஷாக்கையே ரீகண்டிஷன் செய்து மாட்டிவிட்டேன். டெலஸ்கோபிக் செட் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். துளை ஏற்கெனவே ராவியாயிற்று.