நிர்வாக சேவை எழுத்துப் பரீட்சை: நீண்ட காலம் பாவித்ததில் நின்று பிடித்தவை

திருகோணமலையில் இருந்து இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு வாசிக்கக் கிடைப்பதில் குறையே இல்லை. வட்ஸ்அப் குழுக்களில் பீடிஎஃப் வந்து குவிகிறது. போட்டோக் கொப்பிக் கடைகளில் வழிகாட்டிகள் கட்டுக் கட்டாகக் கிடைக்கின்றன. குறை எல்லாம் வாசித்ததை நேரம் வைத்துக் கையால் எழுதிப் பார்ப்பதில்தான். ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த பிறகும் மேசையில் எது மிஞ்சுகிறது, எது இடையில் கழன்று போகிறது என்பதை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

முதலில் வர்த்தமானி அறிவித்தல். திறந்த பரீட்சைக்கும், ஏற்கனவே அரச சேவையில் உள்ளவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சைக்கும் வினாத்தாள் அமைப்பு வேறு. சேவைக்குச் சேவையும் மாறும். பழைய வழிகாட்டிகள் பழைய அமைப்பையே சொல்லிக்கொண்டிருக்கும். வினாத்தாள், நேரம், புள்ளி உள்ள பக்கத்தை அச்செடுத்து சீஆர் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதில் இல்லாத எதற்கும் ஒரு பின்னேரத்தைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

கடந்தகால வினாத்தாள்களுக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. ஆனால் விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் பத்து வினாத்தாளும் ஒரு வாரத்தில் வீணாகிவிடும். நுண்ணறிவு வினாத்தாளுக்கு 50 வினா, 60 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 72 வினாடி. முதற் சுற்றில் ஒரு நிமிடத்துக்குள் வழி தெரியாததை வட்டமிட்டுத் தாண்ட வேண்டும். 3, 7, 15, 31 என்ற தொடரில் இரட்டித்து ஒன்றைக் கூட்டுகிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தால் 63 என்று எழுதிவிட்டுப் போகலாம். தெரியாவிட்டால் நின்று மல்லுக்கட்டக் கூடாது. திருத்தும்போது பிழைகளை மூன்று நிரலில் பதியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் பிழைத்தது, நேரம் போதாதது. பலருக்கு நடு நிரல்தான் நீளும். அது அவசரத்தால் வருவது, புதிய புத்தகம் வாங்கித் தீராது.

நாட்டு நடப்புக்கு மத்திய வங்கியின் தமிழ் அறிக்கை. முன்பு ஆண்டறிக்கை என்று வந்தது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பிறகு வருடாந்த பொருளாதார மீளாய்வாக வருகிறது. முழுவதையும் வாசிக்க முயல்பவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். முதல் அத்தியாயமும் முக்கிய குறிகாட்டி அட்டவணையும் போதும். இன்னொரு லாபமும் உண்டு: சென்மதி நிலுவை (வெளிநாடுகளுடனான வரவு செலவுக் கணக்கு), நாணயக் கொள்கை போன்ற சொற்கள் அரச தமிழில் எப்படி வருகின்றனவோ அப்படியே கைக்குப் பழகும். இலக்கங்களைக் குறிக்கும்போது எந்த வருட அறிக்கை என்பதையும் எழுதுங்கள். 2022இல் பொருளாதாரம் சுருங்கிய அளவு முதலில் 7.8 வீதம் என்று வெளிவந்து பின்னர் 7.3 வீதமாகத் திருத்தப்பட்டது. பல டியூசன் குறிப்புகளில் இன்னும் பழைய இலக்கமே கிடக்கிறது.

அரசியலமைப்பும் அப்படித்தான். 2022 ஒக்டோபரில் நிறைவேறியது 21ஆவது திருத்தம். சட்டமூலமாக இருந்தபோது அதற்கு 22 என்று பெயர். அன்றைய பத்திரிகைச் செய்தியை மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் உள்ள தமிழ்ப் பிரதியே போதும்.

கட்டுரை விடைக்கு எங்கள் ஊரே நல்ல பயிற்சிக் களம். சீனக்குடா எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 99. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 24 அரச பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் போயின. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். இதை வரிசையாகக் கொட்டினால் புள்ளி வராது. “பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருக்கும்படி முதலீடு பெறப்பட்டது” என்று ஒரு வாதத்தை வைத்து, அதன் பின்னால் 61ஐயும் 51ஐயும் நிறுத்த வேண்டும். ஒரு பந்திக்கு ஒரு வாதம், அதற்கு ஒன்றிரண்டு இலக்கம்.

கிரகித்தலில் சுருக்கம் எழுதுவதுதான் அதிகம் பேரின் காலை வாருவது. 300 சொல் பந்தியை மூன்றிலொன்றாக்கச் சொன்னால், முதல் வாசிப்பில் கோடு போடாதீர்கள். இரண்டாம் வாசிப்பில் பந்திக்கு ஒரு கருத்தை மட்டும் ஓரத்தில் எழுதி, மூலத்தை மூடிவிட்டு அந்த ஓரக் குறிப்பிலிருந்து எழுதுங்கள். திறந்து வைத்தால் வசனங்கள் அப்படியே வந்துவிடும். உங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் என்று முன்பே எண்ணி வையுங்கள். எட்டு என்றால் 12 வரியில் 96, அங்கே நிறுத்தலாம். மண்டபத்தில் விரல்விட்டு எண்ணுவது நேரக் கொலை.

ஒரு நிலைமையைத் தந்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் விடய ஆய்வில் கதை சொல்லத் தொடங்குவதே பெரும் பிழை. வெருகலில் மகாவலி பெருகி வீதி மூழ்கிவிட்டது, நீங்கள் பிரதேச செயலாளர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணித்தியாலத்தில் யாரைத் தொடர்புகொள்வது, எந்த அதிகாரத்தின் கீழ் செலவிடுவது, கிராம அலுவலரிடம் என்ன தகவல் கேட்பது, நிவாரணம் முடிந்தபின் என்ன அறிக்கை என்று கால வரிசையில் எழுத வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தைத் தெரிந்திருந்தால் விடைக்கு முதுகெலும்பு கிடைக்கும். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்திலோ பிரதேச செயலகத்திலோ வேலை செய்பவர்களுக்கு இது தினமும் கண்முன் நடப்பதுதான். ஆனாலும் எழுதாமல் வராது.

கழன்று போனவை: பொது அறிவு வினாவிடைப் புத்தகங்கள், பத்திரிகைத் துண்டுகளை ஒட்டிய கொப்பிகள். முதலாவதில் பிழை அதிகம், இரண்டாவதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பத்திரிகையைப் பொது நூலகத்தில் வாசித்து, மூன்று வரி மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

4.15க்குக் கந்தோர் விட்டு வருபவர்களுக்கு நாள்தோறும் முழு வினாத்தாள் நடவாது. வாரநாளில் ஒரு விடை, சனிக்கிழமை ஒரு முழு வினாத்தாள் என்பது தாக்குப் பிடிக்கும். மூன்று நாலு பேர் சேர்ந்து விடைத்தாளை மாற்றித் திருத்துங்கள். திருத்துபவர் வர்த்தமானியில் உள்ள புள்ளியை வைத்தே போட வேண்டும். வகுப்புக்குக் காசு கொடுப்பதானால், எழுதிய விடையைச் சிவப்புப் பேனையால் திருத்தித் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். குறிப்பு மட்டும் தருகிற இடத்துக்கு அந்தக் காசு வேண்டாம்.