தனிக் குழுவா, கலந்த குழுவா?

கடலூர் முதுநகர்ப் பக்கம் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஒருத்தி கதைப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். பக்கத்தில் இருப்பவன் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் தடுமாறுகிறான்.

தமிழக அரசு 2022-இல் தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை, தொடக்க நிலையிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறோம். வாசிப்புக்கும் கணக்குக்கும் இதுதான் சரி. எழுத்தே தெரியாத பிள்ளையிடம் பத்தியை நீட்டினால் வாய் திறக்காது. எழுத்து அட்டையைக் கொடுத்தால் கை நீட்டும். ஆனால் ஆண்டு முழுக்க அரும்பிலேயே உட்கார்ந்தால், நாம் அவ்வளவுதான் என்று பிள்ளை நினைத்துவிடும். அதனால் அடிக்கடி பார்த்து மாற்றுகிறேன்.

எல்லா நிலைப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தால் பேச்சு வளர்கிறது. மீன்களைப் பற்றிப் பேசிய அன்று, வாசிக்கத் திணறும் மீனவர் வீட்டுப் பையன் சங்கரா, வஞ்சிரம், காரப்பொடி என்று அடுக்கினான். நன்றாக எழுதுபவள் அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். அன்று அவன்தான் வாத்தியார்! காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும், பக்கத்துத் தோழி கைகாட்டிச் சொல்வது என் குரலைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாவற்றையும் செய்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துப் பழகும் நேரத்துக்கு நிலைவாரிக் குழுவை விடமாட்டேன். மற்ற நேரமெல்லாம் கலந்தே உட்காரட்டும்.